பழைய போர்ட்டுக்கு சாவி யார் கையில? ஐஓபிஎல், ஐஓபெர்ம், பிபிடெவ், சொந்த டிரைவர்: எதை எடுக்கறது

லினக்ஸ்ல ஒரு புரோகிராம் பழைய ஹார்ட்வேர் போர்ட்டை (சிபியூ வெளி டிவைஸோட பேசற, நம்பர் போட்ட வாசல்) தொட என்னென்ன வழி, எது நல்லதுங்கறதுதான் விஷயம். கீழ வர்ற போர்ட் நம்பர் எல்லாமே ஹெக்ஸ் (16ஐ அடியா வச்ச எண் முறை), அதை முதல்லயே சொல்லிடறேன். 378ன்னா முந்நூத்தி எழுபத்தெட்டு இல்ல, எல்லாருக்கும் தெரிஞ்ச அந்த பழைய பிரிண்டர் போர்ட்.

கதை இதுதான். ஒரு சின்ன கம்பெனில ஒரு டெஸ்ட் ஜிக் (பொருளை மாட்டி சோதிக்கற அமைப்பு) இருக்கு, பேரலல் போர்ட்ல எட்டு டேட்டா பின்னுக்கு எட்டு ரிலே, திரும்ப வர்ற ஸ்டேட்டஸ் பின்ல நாலு லிமிட் ஸ்விட்ச். ஆதியில டாஸ்ல டர்போ சில எழுதின புரோகிராம், அப்புறம் யாரோ ஒரு புண்ணியவான் லினக்ஸுக்கு மாத்தினார், மெயின் ஃபங்ஷனோட முதல் வரியே ஐஓபிஎல் 3 (எல்லா போர்ட்டையும் திற), அதுக்கப்புறம் நேரா அவுட்பி (போர்ட்டுக்கு ஒரு பைட் எழுதற ஃபங்ஷன்). சூடோ போட்டு (ரூட்டா, அதாவது முழு அதிகாரத்தோட) ஓட்டுவாங்க, இத்தனை வருஷமா ஓடிச்சு, யாரும் அதை தொடல. பழைய பிசியோட மதர்போர்ட் போனதும் புது பிசி வாங்கி, பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்ல ஒரு பேரலல் கார்ட் சொருகி, புது உபுண்டு போட்டு, அதே பைனரிய சூடோ போட்டு ஓட்டினா 'ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்'. ரூட்டுக்கே இல்லன்னு சொல்லுதேன்னு எனக்கு போன் வந்துச்சு. அதுல ஆரம்பிச்சு இருக்கற வழி எல்லாத்தையும் ஒவ்வொண்ணா போட்டு பார்த்தேன், எது எதுக்கு ஒத்து வரும்னு எழுதி வைக்கறேன், வேற யாராவது இதே குழில விழுந்தா உதவும்.

முதல்ல சிபியூ என்ன பண்ணுதுன்னு கொஞ்சம். எக்ஸ்86ல (இன்டெல், ஏஎம்டி சிபியூ) மெமரிக்கு தனி வீதி, போர்ட்டுக்கு தனி வீதி. போர்ட் வீதில மொத்தம் 65536 வீடு. இன், அவுட்னு ரெண்டு இன்ஸ்ட்ரக்ஷன்தான் அந்த வீதிக்குள்ள போகும். சாதாரண புரோகிராம் ரிங் 3ல (அதிகாரம் குறைஞ்ச நிலை) ஓடுது, அது அவுட் போட்டா சிபியூ ரெண்டு இடத்துல பார்க்கும். ஒண்ணு, ஃபிளாக் ரெஜிஸ்டர்ல இருக்கற ஐஓபிஎல்ங்கற ரெண்டு பிட். அது 3ஆ இருந்தா கேள்வியே கேக்காது, உள்ள போ. இல்லன்னா டிஎஸ்எஸ்னு ஒரு அமைப்புக்குள்ள ஒரு பிட்மேப் இருக்கும், 65536 பிட், அதாவது 8192 பைட், ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு பிட். பிட் 0ன்னா அனுமதி, 1ன்னா ஃபால்ட், கெர்னல் (ஓஎஸ்ஸோட மையம்) அந்த புரோகிராமுக்கு செக்மென்டேஷன் ஃபால்ட் குடுத்து நிறுத்திடும். பிட்மேப் 386 காலத்துலயே வந்தாச்சு. ஆக இது நேத்து வந்த பாதுகாப்பு இல்ல, 1985ல இருந்து சிபியூல இருக்கற பூட்டு, நம்ம ஆளுங்கதான் அதை திறந்தே போட்டு பழகிட்டாங்க.

லினக்ஸ்ல ஐஓபிஎல் கால் முதல் பூட்டையும், ஐஓபெர்ம் கால் ரெண்டாவது பூட்டையும் திறக்கும். ரெண்டுக்கும் கேப்-சிஸ்-ராஐஓங்கற கேபபிலிட்டி (ரூட் அதிகாரத்துல ஒரு துண்டு) வேணும். அது இல்லன்னா ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்தான். அப்ப ரூட்டுக்கு ஏன் அதே பதில் வந்துச்சு? லாக்டவுன். 5.4 கெர்னல்ல, 2019 கடைசில உள்ள வந்த விஷயம். செக்யூர் பூட் (கையெழுத்து போட்ட கெர்னலை மட்டும் பூட் பண்ண விடற பாதுகாப்பு) ஆன்ல இருந்தா உபுண்டு, ஃபெடோரா, டெபியன் எல்லாமே லாக்டவுனை தானா ஆன் பண்ணிடும். ரூட்டா இருந்தாலும் கெர்னலை மாத்தற வழிய மூடணும்ங்கறதுதான் அதோட நோக்கமே, நேரா போர்ட்டை தொடறது அந்த லிஸ்ட்ல இருக்கு. /சிஸ்/கெர்னல்/செக்யூரிட்டி/லாக்டவுன்ங்கற ஃபைலை கேட் பண்ணி பாருங்க, இன்டெக்ரிட்டின்னு பிராக்கெட் போட்டு இருந்தா ஐஓபிஎல், ஐஓபெர்ம், /டெவ்/போர்ட் (போர்ட்டை ஃபைலா காட்டறது) மூணும் அந்த மெஷின்ல வேலைக்கு ஆகாது.

உடனே எல்லாரும் சொல்ற பதில் 'செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணிடு'. பண்ணலாம். ஃபேக்டரி மூலைல நெட்வொர்க்கே இல்லாம உக்காந்திருக்கற பெட்டின்னா நானே பண்ணிருப்பேன், அதுல ஒண்ணும் பாவம் இல்ல. ஆனா அது கடைசி பதில், முதல் பதில் இல்ல.

சரி, ஐஓபிஎல்ல இருந்து ஆரம்பிப்போம்.

ஐஓபிஎல் 3 கூப்பிட்டா 65536 போர்ட்டும் திறந்துடும். பேரலல் போர்ட்டுக்கு தேவை மூணே மூணு: 378 டேட்டா, 379 ஸ்டேட்டஸ், 37ஏ கன்ட்ரோல். மூணு ரூம் சாவி கேட்டவனுக்கு ஊர்ல இருக்கற எல்லா வீட்டு சாவியையும் குடுக்கற மாதிரி. என்னென்ன வீடுன்னு பாருங்க: 20, 21 இன்டரப்ட் கன்ட்ரோலர் (டிவைஸ் சிபியூவை கூப்பிடற சிக்னலை கவனிக்கறது), 40ல இருந்து 43 வரை டைமர், 60, 64 கீபோர்ட் கன்ட்ரோலர், 70, 71 பயாஸ் செட்டிங்கும் கடிகாரமும் இருக்கற சிமாஸ், சிஎஃப்8 வழியா பிசிஐ கான்ஃபிகரேஷன், சிஎஃப்9ல 6 எழுதினா நிறைய போர்டு அப்படியே ரீசெட் ஆகிடும். இது எல்லாம் உங்க ரிலே புரோகிராம் கைல.

'நான் எதுக்கு அதை எல்லாம் தொடப்போறேன்'னு நீங்க கேக்கலாம், நானும் அப்படித்தான் கேட்டேன். டர்போ சில அவுட்போர்ட்பிக்கு முதல்ல போர்ட் நம்பர், அப்புறம் வேல்யூ. லினக்ஸ் அவுட்பிக்கு முதல்ல வேல்யூ, அப்புறம் போர்ட். தலைகீழ். டாஸ் கோடை மாத்தற ஒவ்வொருத்தனும் ஒரு தடவையாவது இதுல அடி வாங்கிருப்பான். நான் பல வருஷம் முன்னாடி ஒரு பழைய போர்டுல, ரிலே எல்லாம் வரிசையா டிக் டிக்னு அடிக்குதான்னு பார்க்க 0ல இருந்து 255 வரைக்கும் ஒரு லூப் போட்டேன், ஆர்கியுமென்ட் மாறிப்போச்சு. என்ன ஆகும்? 378ங்கறது ஒரு பைட்டுக்குள்ள அடங்காது, கடைசி ரெண்டு இலக்கம் 78 மட்டும் நிக்கும், அந்த 78ஐ போர்ட் 0, போர்ட் 1, போர்ட் 2ன்னு வரிசையா எழுதிட்டே போகும். டிஎம்ஏ கன்ட்ரோலரை (டிவைஸுக்கும் மெமரிக்கும் நேரா டேட்டா கடத்தற சிப்) தாண்டி 20க்கு வருது, அங்க 78 விழுந்தா அந்த இன்டரப்ட் கன்ட்ரோலர் சிப் 'ஓ, மறுபடி முதல்ல இருந்து இனிஷியலைஸ் பண்ணச் சொல்றாங்க'ன்னு எடுத்துக்கும். அடுத்து 21க்கு போற 78ஐ இன்டரப்ட் வெக்டர் நம்பரா எடுத்துக்கும். மெஷின் உறைஞ்சு நின்னுச்சு. லாக் இல்ல, எர்ரர் இல்ல, மவுஸ் நகரல. ஹார்ட்வேர் போச்சுன்னு நினைச்சு ரேம் எல்லாம் கழட்டி மாட்டினேன். அதே தப்பை ஐஓபெர்ம்ல 378ல இருந்து மூணு போர்ட் மட்டும் திறந்து பண்ணிருந்தா, லூப்போட முதல் சுத்துலயே போர்ட் 0ல செக்மென்டேஷன் ஃபால்ட் வந்திருக்கும், ஜிடிபி டீபக்கர் எந்த வரின்னு காட்டிருக்கும், அஞ்சு நிமிஷ வேலை.

அதனால ஐஓபிஎல்லா ஐஓபெர்மாங்கற கேள்விக்கு என் பதில் செக்யூரிட்டி பக்கத்துல இருந்து வரல, டீபக் பண்ற பக்கத்துல இருந்து வருது. தப்பு பண்ணா சத்தம் போடற வழிய எடுங்க.

ஐஓபிஎல்ல இன்னொரு சமாச்சாரம் இருந்துச்சு. நிஜமாவே ஃபிளாக் பிட்டை மாத்தினதால போர்ட்டோட சேர்த்து இன்டரப்ட்டை ஆஃப் பண்ற சிஎல்ஐ இன்ஸ்ட்ரக்ஷனும் யூசர் புரோகிராமுக்கு கிடைச்சுது. ஒரு சாதாரண புரோகிராம் சிஎல்ஐ போட்டுட்டு லூப்ல மாட்டினா அந்த சிபியூ அவ்வளவுதான். 2019 நவம்பர்ல கெர்னல் டெவலப்பர் தாமஸ் கிளெய்க்ஸ்னர் இந்த ஏரியாவையே புரட்டி போட்டார், 5.5 கெர்னல்ல இருந்து ஐஓபிஎல் வெறும் வேஷம்தான், உள்ளுக்குள்ள 'எல்லா பிட்டும் 0'ன்னு இருக்கற ஒரு பிட்மேப்பை காட்டி ஏமாத்துது. போர்ட் எல்லாம் கிடைக்கும், சிஎல்ஐ கிடைக்காது. அப்புறம் பார்த்தா நிஜமாவே சிஎல்ஐ போடற பழைய சாஃப்ட்வேர் உலகத்துல இருந்திருக்கு, அதெல்லாம் உடைஞ்சு விழ, 2021ல அதுக்கும் ஒரு ஒட்டு போட்டாங்க, சிஎல்ஐ போட்டா ஒண்ணும் நடக்காது, ஆனா புரோகிராம் சாகாது, கெர்னல் லாக்ல ஒரு வார்னிங் வரும். பழசை உடைக்கக் கூடாதுன்னு கெர்னல் ஆளுங்க எவ்வளவு தூரம் இறங்கி வர்றாங்கன்னு இதுல தெரியும். அதே 5.5ல இந்த ரெண்டு காலையும் கம்பைல் பண்ணும்போதே தூக்கிடற ஆப்ஷனும் வந்துச்சு, அப்படி பில்ட் பண்ணின கெர்னல்ல 'ஃபங்ஷன் நாட் இம்ப்ளிமென்டட்'னு வரும். ஆபரேஷன் நாட் பெர்மிட்டட் வந்தா பெர்மிஷன் பிரச்சனை, இது வந்தா கெர்னல் பில்ட் பிரச்சனை, ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

ஆக ஐஓபிஎல் எப்ப? சோர்ஸ் கோட் இல்லாத பழைய பைனரி, அது ஐஓபிஎல்தான் கூப்பிடுது, வேற வழியே இல்ல. அப்ப மட்டும்.

ஐஓபெர்ம் நல்லவன், ஆனா சில குணம் தெரிஞ்சு வச்சுக்கணும். அது த்ரெட்டுக்கு த்ரெட் (ஒரே புரோகிராமுக்குள்ள தனியா ஓடற வேலை) தனி. நீங்க கூப்பிட்டதுக்கு அப்புறம் பிறக்கற த்ரெட்டுக்கு அனுமதி போகும், ஏற்கனவே ஓடிட்டு இருக்கற த்ரெட்டுக்கு போகாது. ஜியூஐ லைப்ரரி எல்லாம் பின்னாடி சத்தமில்லாம த்ரெட் கிளப்பி வச்சிருக்கும், அதுல இருந்து அவுட்பி போட்டா சாகும், 'சில நேரம் மட்டும் கிராஷ் ஆகுது'ன்னு தலைய பிச்சுக்குவீங்க. அதனால மெயின்ல முதல் வேலையா கூப்பிடுங்க. அப்புறம், பழைய கெர்னல்ல முதல் 1024 போர்ட் வரைக்கும்தான் ஐஓபெர்ம்ல கேக்க முடியும், 2.6.8ல இருந்துதான் 65536ம். பிசிஐ கார்டுல போர்ட் அட்ரஸ் டி010 மாதிரி எங்கேயோ மேல உக்காந்திருக்கும், அந்த காலத்துல அதை தொடணும்னா ஐஓபிஎல்தான் ஒரே வழி. நம்ம ஜிக் கோடுல ஐஓபிஎல் ஏன் இருந்துச்சுங்கறதுக்கும் இதுதான் காரணமா இருக்கும்னு என் சந்தேகம், அந்த காலத்து உதாரண கோடை பார்த்து காப்பி பண்ணிருப்பாங்க.

ஐஓபெர்ம்ல எனக்கு பிடிச்ச விஷயம், எக்ஸெக் (இந்த புரோகிராம் இடத்துல வேற புரோகிராமை ஓட்டறது) தாண்டியும் அனுமதி நிக்கும். அதனால ஒரு இருபது வரில குட்டி ராப்பர் எழுதலாம்: ரூட்டா ஆரம்பிக்கும், ஐஓபெர்ம்ல மூணு போர்ட்டை திறக்கும், செட்யூஐடி கூப்பிட்டு சாதாரண யூசரா இறங்கிடும், அப்புறம் நிஜ புரோகிராமை எக்ஸெக் பண்ணும். ரெண்டாயிரம் வரி பழைய கோடு ரூட்டா ஓடாது, மூணு போர்ட் மட்டும் கைல வச்சுட்டு சாதாரண ஆளா ஓடும். இதுக்கு பதிலா சிலர் அந்த பைனரிக்கே செட்கேப்ல கேப்-சிஸ்-ராஐஓ குடுத்துடுவாங்க, பார்க்க சுத்தமா இருக்கும், ரூட் இல்லையேன்னு மனசுக்கு ஆறுதலா இருக்கும், ஆனா அந்த கேபபிலிட்டி ஒண்ணுலயே /டெவ்/மெம் (மெஷினோட மெமரி), எம்எஸ்ஆர் (சிபியூவோட உள் செட்டிங்) ரெஜிஸ்டர் எழுதறதுன்னு இன்னும் நிறைய தொங்குது, கிட்டத்தட்ட ரூட்டுக்கு வேற பேர். ராப்பர் வழிதான் நல்லது.

ஐஓபெர்ம்ல இல்லாத ஒண்ணு இன்டரப்ட். பேரலல் போர்ட்டோட ஏசிகே பின்ல சிக்னல் வந்தா என்னை எழுப்புன்னு சொல்ல வழி கிடையாது, சும்மா லூப்ல ஸ்டேட்டஸை படிச்சுட்டே சிபியூவை எரிக்கணும். அதை விட பெரிய விஷயம், நீங்க போர்ட்டை தொடறீங்கன்னு கெர்னலுக்கு தெரியாது. அதே நேரத்துல பிரிண்டர் டிரைவர் அதே 378ஐ தொட்டா ரெண்டு பேரும் ஒரே ஸ்டீயரிங்கை பிடிச்ச கதை.

/டெவ்/போர்ட் பத்தி ரெண்டு வரி போதும். ஃபைல் மாதிரி திறந்து, போர்ட் நம்பருக்கு சீக் பண்ணி, பைட் படிக்கலாம் எழுதலாம். பைத்தான்ல ஒரு தடவை எட்டி பார்க்க வசதி. ஃபைல்தானே, குரூப் பெர்மிஷன் குடுத்தா போதும்னு நினைக்காதீங்க, திறக்கறப்பவே அதே கேபபிலிட்டிய கேக்கும். ஐஓபிஎல் அளவுக்கு அகலமா திறக்குது, ஒவ்வொரு பைட்டுக்கும் சிஸ்டம் கால் வேற. ரெண்டு பக்கமும் நஷ்டம்.

இப்ப நான் அதிக நேரம் செலவு பண்ணின இடம், பிபிடெவ்.

பேரலல் போர்ட்டுக்கு கெர்னல்ல ஏற்கனவே டிரைவர் இருக்கு, பார்போர்ட்-பிசி. அது மேல பிபிடெவ்ங்கற மாட்யூலை லோட் பண்ணா /டெவ்/பார்போர்ட்0 வரும். அதை திறந்து, ஐஓசிடிஎல்ல (டிவைஸுக்கு கட்டளை அனுப்பற சிஸ்டம் கால்) பிபி-கிளெய்ம் சொன்னா போர்ட் உங்களுது, பிபி-டபிள்யூ-டேட்டால டேட்டா எழுதலாம், பிபி-ஆர்-ஸ்டேட்டஸ்ல படிக்கலாம், வேலை முடிஞ்சா பிபி-ரிலீஸ். 2.4 கெர்னல் காலத்துல இருந்தே இருக்கு. பெர்மிஷன் எங்க இருக்கு? அந்த ஃபைல்ல. எல்பி குரூப்புக்கு படிக்க எழுத அனுமதி, யூசரை அந்த குரூப்ல சேர்த்துட்டா முடிஞ்சுது. ரூட் வேணாம், கேபபிலிட்டி வேணாம், சூடோ வேணாம். லாக்டவுனும் ஒண்ணும் சொல்லாது, ஏன்னா போர்ட்டை தொடறது நீங்க இல்ல, கெர்னல் டிரைவர். செக்யூர் பூட் ஆன்லயே ஓடுச்சு.

அட்ரஸ் தலைவலியும் போயிடுது. 378ன்னு கோடுல எழுதி வச்சிருந்த பழைய பைனரி, லாக்டவுன் இல்லாம இருந்தாலும் புது கார்டுல ஓடிருக்காது, ஏன்னா பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்ட் 378ல இல்லவே இல்ல, எங்கேயோ மேல இருக்கு, பயாஸ் மனசு வச்சா அடுத்த பூட்ல வேற இடம். பார்போர்ட்0ன்னு சொன்னா அந்த கவலை டிரைவருக்கு. அப்புறம் கிளெய்ம் இருக்கறதால ரெண்டு புரோகிராம் ஒரே நேரத்துல அடிச்சுக்காது. இன்டரப்ட்டும் கிடைக்கும், ஐஆர்க்யூ செட் பண்ணிருந்தா போல் சிஸ்டம் கால்ல தூங்கிட்டு இருக்கலாம், ஏசிகே வந்தா எழுப்பும். டாக்கர்ல (புரோகிராமை தனி டப்பால அடைச்சு ஓட்டறது) போடணும்னா அந்த ஒரு டிவைஸை மட்டும் உள்ள குடுத்தா போதும், ஐஓபெர்ம்னா கேபபிலிட்டி சேர்க்கணும், டாக்கரோட டீஃபால்ட் செக்காம்ப் (சிஸ்டம் காலை வடிகட்டறது) அது இல்லாம ஐஓபெர்மை விடாது. சிஸ்டம்டி சர்வீஸ்லயும் ஐஓபெர்முக்கு இதே கதை, பிரைவேட் டிவைசஸ் ஆன் பண்ணா கேப்-சிஸ்-ராஐஓ போயிடும்.

'ஆனா ஸ்லோ'ன்னு எல்லாரும் சொல்வாங்க. எவ்வளவு ஸ்லோ? இங்கதான் கணக்கு போட்டு பார்க்கணும். பழைய ஐஎஸ்ஏ பஸ், அதோட வாரிசு எல்பிசி பஸ், இதுல ஒரு அவுட்பி போட்டாலே கிட்டத்தட்ட 1 மைக்ரோசெகண்ட் ஆகும், சிபியூ எத்தனை கிகாஹெர்ட்ஸ் ஆனாலும் சரி, பஸ் அவ்வளவுதான். சிஸ்டம் கால் ஓவர்ஹெட் இப்ப இருக்கற சிபியூல சில நூறு நானோசெகண்ட். அதாவது ஐஓபெர்ம்ல 1 மைக்ரோசெகண்ட் ஆகற வேலை பிபிடெவ்ல ஒண்ணேகால் ஒண்ணரை ஆகும். பத்து மடங்கு இல்ல. ரிலேக்கு இது ஒரு பொருட்டே இல்ல, ரிலே அசையவே மில்லிசெகண்ட் கணக்கு. உங்களுக்கு டைமிங் முக்கியம்னா கூட, அடி வாங்கறது சிஸ்டம் கால்ல இல்ல, ஷெட்யூலர் உங்களை ஓரம் கட்டிட்டு வேற ஆளை ஓட்டற நேரத்துல, அது சாதாரண கெர்னல்ல மில்லிசெகண்ட் வரைக்கும் போகும். ஐஓபெர்ம் எடுத்தாலும் அந்த அடி விழும். அதுக்கு மருந்து ப்ரீஎம்ப்ட்-ஆர்டி (ரியல்டைம் கெர்னல் வசதி), 2024 நவம்பர்ல வந்த 6.12ல மெயின்லைன் கெர்னலுக்குள்ளயே வந்தாச்சு.

நிஜமாவே நேரா அவுட்பி தேவைப்படற இடம் லினக்ஸ்சிஎன்சி (மில்லிங் மாதிரி மெஷினை ஓட்டற சாஃப்ட்வேர்) மாதிரி. ஸ்டெப்பர் மோட்டருக்கு 25, 50 மைக்ரோசெகண்டுக்கு ஒரு தடவை பல்ஸ் அடிக்கணும், ஒரு சுத்துக்கு மூணு போர்ட் ஆக்சஸ்னா அதுவே 3 மைக்ரோசெகண்ட், அங்க ஒவ்வொரு நானோசெகண்டும் கணக்கு. அவங்க பண்றது எனக்கு ரொம்ப பிடிச்சுது: யூசர் ஸ்பேஸ்ல ஓடறப்ப முதல்ல பிபிடெவ் வழியா போர்ட்டை கிளெய்ம் பண்ணி 'இது என்னோடது'ன்னு கெர்னல்கிட்ட பதிவு பண்ணிடறாங்க, அப்புறம் வேகத்துக்கு நேரா இன், அவுட் போடறாங்க. இடிக்காம இருக்கறதுக்கு கெர்னல், வேகத்துக்கு நேர் வழி. ஐஓபெர்ம்தான் வேணும்னு அடம் பிடிக்கறவங்க குறைஞ்சது இந்த கிளெய்மையாவது சேர்த்துக்கணும்.

பிபிடெவ் பண்ணாதது? யூஎஸ்பி டு பேரலல் கேபிள். கடைல கிடைக்கறதுல பெரும்பாலானது பிரிண்டர்னு மட்டும்தான் தன்னை காட்டிக்கும், ரெஜிஸ்டரே வெளிய தெரியாது, பிபிடெவ்வும் வராது, ஐஓபெர்ம்மும் கிடையாது. யூஎஸ்எஸ்720னு ஒரு பழைய சிப் இருந்தா மட்டும் கெர்னல்ல டிரைவர் இருக்கு, பார்போர்ட் வரும், ஆனா ஒவ்வொரு ரெஜிஸ்டருக்கும் யூஎஸ்பில ஒரு பயணம், வேகத்தை மறந்துடுங்க. கேபிள் வாங்கிட்டு வந்து கேக்கறவங்கதான் அதிகம், அதனால சொல்றேன்.

பேரலல் போர்ட் இல்லாம வேற பழைய கார்டுன்னா? முதல்ல கெர்னல்குள்ள தேடுங்க, உங்களுக்கு முன்னாடி யாரோ எழுதி வச்சிருப்பாங்க. பிசிஎல்-711, 812, 818 மாதிரி பழைய டேட்டா அக்விசிஷன் கார்டுக்கு எல்லாம் காமெடில டிரைவர் இருக்கு (பேரை பார்த்து சிரிக்காதீங்க, நிஜமாவே பேர் அதுதான்), பல வருஷம் ஸ்டேஜிங்ல (இன்னும் பக்குவப்படாத டிரைவர் இருக்கற இடம்) கிடந்து 2021ல 5.13ல வெளிய வந்துச்சு. ஐஎஸ்ஏ கார்டுன்னா தானா கண்டுபிடிக்காது, மாட்யூலுக்கு லெகசி மைனர் எத்தனைன்னு சொல்லி லோட் பண்ணி, காமெடி-கான்ஃபிக்ல 300 மாதிரி பேஸ் அட்ரஸை குடுக்கணும், அப்புறம் /டெவ்/காமெடி0க்கு யூடெவ்ல (/டெவ் ஃபைலை நிர்வகிக்கறது) குரூப் வச்சா முடிஞ்சுது. இன்டஸ்ட்ரியல் பிசில சூப்பர் ஐஓ சிப்போட (மதர்போர்ட்ல பழைய போர்ட் எல்லாம் சேர்ந்த சிப்) டிஜிட்டல் பின்னுக்கு ஐடி87, எஃப்7188எக்ஸ்னு ஜிபிஐஓ டிரைவர் இருக்கு. போர்டு விக்கறவங்க குடுக்கற சாம்பிள் கோடு முக்கால்வாசி 'ஐஓபிஎல் 3, 2இல 87 ரெண்டு தடவை எழுது'ன்னுதான் ஆரம்பிக்கும், அதை அப்படியே காப்பி பண்றதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் தேடிப்பாருங்க, ஏன்னா அதே 2இ, 2எஃப் வழியாத்தான் கெர்னலோட வாட்ச்டாக் (மெஷின் தொங்கினா ரீபூட் பண்றது) டிரைவரும் அந்த சிப்புகிட்ட பேசும், நடுவுல நீங்க புகுந்தா மெஷின் தானா ரீபூட் ஆகி உக்காரும்.

எதுவுமே இல்லன்னா சொந்த டிரைவர். பயப்பட ஒண்ணும் இல்ல, ரிக்வெஸ்ட்-ரீஜன் போட்டு போர்ட்டை பிடிச்சு, ஒரு மிஸ்க் டிவைஸ் (எளிமையான /டெவ் ஃபைல்) பதிவு பண்ணி, ரீட் ரைட் ரெண்டு ஃபங்ஷன், நூறு நூத்தம்பது வரி. /ப்ராக்/ஐஓபோர்ட்ஸ்ல உங்க பேர் வரும், பார்க்கவே ஒரு சந்தோஷம். ஆனா எழுதறது கஷ்டம் இல்ல, வளர்க்கறதுதான் கஷ்டம். கெர்னலுக்குள்ள இருக்கற ஏபிஐ நிலையா இருக்கும்னு யாரும் சத்தியம் பண்ணல, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஏதாவது ஒரு ஃபங்ஷன் மாறி கம்பைல் ஆகாம நிக்கும். டிகேஎம்எஸ்ல (கெர்னல் மாறினா மாட்யூலை தானா மறுபடி கம்பைல் பண்றது) போட்டு வைக்கணும், செக்யூர் பூட்ல மாட்யூலுக்கு கையெழுத்து போடணும், அந்த கீயை எம்ஓகேயூடில்ல என்ரோல் பண்ணி ரீபூட்ல நீல ஸ்கிரீன்ல ஆள் உக்காந்து ஓகே குடுக்கணும். நீங்க வேலைய விட்டு போனா அடுத்தவன் என்ன பண்ணுவான்னும் யோசிங்க.

சொந்த டிரைவர் எழுதறவங்க பண்ற பெரிய தப்பு, 'போர்ட் நம்பர் குடு, வேல்யூ குடு, நான் எழுதறேன்'னு ஐஓசிடிஎல் வைக்கறது. அப்படி வச்சா நீங்க எழுதினது டிரைவர் இல்ல, யார் வேணா நுழையற பின் கதவு. விண்டோஸ் பக்கம் இதுதான் நடந்துச்சு. 95, 98ல எல்லாரும் நேரா போர்ட்டை தொட்டாங்க, என்டில கதவு சாத்தியே இருந்துச்சு, அதுக்கு கிவ்ஐஓ, இன்ப்அவுட்32, வின்ரிங்0ன்னு வரிசையா பொது சாவி டிரைவர் வந்துச்சு. ஃபேன் ஸ்பீட் காட்டற குட்டி சாஃப்ட்வேர் எல்லாம் வின்ரிங்0வை தூக்கிட்டு திரிஞ்சுது, மால்வேர் ஆளுங்களும் அதையே எடுத்துக்கிட்டாங்க, 2025ல மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் அதை ஆபத்துன்னு பிடிக்க ஆரம்பிச்சதும் ஃபேன் சாஃப்ட்வேர் எல்லாம் படுத்துச்சு. உங்க டிரைவர்ல போர்ட் நம்பர் வெளிய தெரியவே கூடாது, 'ரிலே 3 ஆன்' மாதிரி கட்டளை மட்டும்தான்.

யூஐஓ, விஎஃப்ஐஓ (டிவைஸை யூசர் புரோகிராம் கைல குடுக்கற கெர்னல் வசதிங்க) பத்தி நிறைய பேர் கேப்பாங்க, மாடர்னா இருக்கேன்னு. யூஐஓ 2007ல 2.6.23ல வந்துச்சு, மெமரில மேப் ஆகற டிவைஸுக்கு அருமை, இன்டரப்ட்டும் குடுக்கும், ஆனா போர்ட்டை எம்மேப் பண்ண (புரோகிராமோட மெமரியா காட்ட) முடியாது, சிஸ்எஃப்எஸ்ல 'போர்ட் இங்க ஆரம்பிக்குது'ன்னு நம்பர் மட்டும் காட்டும், தொடறதுக்கு மறுபடி ஐஓபெர்ம்தான். சுத்தி சுத்தி அதே இடம். விஎஃப்ஐஓ பிசிஐ கார்டோட போர்ட்டை ரீட் ரைட்ல குடுக்கும், ஐஓஎம்எம்யூ (டிவைஸ் எந்த மெமரிய தொடலாம்னு கட்டுப்படுத்தற ஹார்ட்வேர்) வேணும், மதர்போர்ட்ல இருக்கற 378ஐ அதுக்கு தெரியவே தெரியாது. விர்ச்சுவல் மெஷினுக்குள்ள பழைய ஓஎஸ்ஸை வச்சு கார்டை அப்படியே உள்ள தள்ளணும்னா மட்டும் நல்ல வழி, எட்டு ரிலேக்கு கொசுவை அடிக்க பீரங்கி.

இதுல நீண்ட கால விஷயம் ஒண்ணு இருக்கு. ஏஆர்எம்ல (மொபைல்ல இருக்கற சிபியூ வகை) இன், அவுட் இன்ஸ்ட்ரக்ஷனே கிடையாது. லினக்ஸ் கெர்னல்லயே போர்ட் வசதி இல்லாத மெஷினுக்கு அந்த கோடை எல்லாம் ஒதுக்கி வைக்கற வேலை சில வருஷமா நடக்குது. இன்டெல் 2023ல எக்ஸ்86-எஸ்னு ஒரு திட்டம் விட்டாங்க, அதுல ரிங் 3ல இருந்து போர்ட் தொடற வசதியையே சிபியூல இருந்து தூக்கணும்னு இருந்துச்சு, 2024 டிசம்பர்ல அந்த திட்டத்தை கைவிட்டாச்சு, அதனால இப்போதைக்கு ஐஓபெர்ம் பொழைச்சுது. அதுக்காக இன்னைக்கு புதுசா எழுதற கோடை அது மேல கட்டறது எனக்கு சரியா படல. பிபிடெவ்ல எழுதினா பிசிஐ கார்ட் சொருகின ஏஆர்எம் போர்டுலயும் அதே சி கோடு ஓட வாய்ப்பு இருக்கு.

சிலர் 'எதுக்கு இவ்வளவு, ஒரு மைக்ரோகன்ட்ரோலரை யூஎஸ்பில மாட்டி ரிலேவை அது கைல குடு'ம்பாங்க. புது ஜிக்னா நானும் அதைத்தான் சொல்வேன். இருக்கற ஜிக்ல அந்த 25 பின் கனெக்டருக்கு பின்னாடி யாரோ இருபது வருஷம் முன்னாடி சால்டர் பண்ணின போர்டு, சர்க்யூட் டயகிராம் இல்ல, கேலிபரேஷன் சர்டிஃபிகேட் அந்த போர்டு பேர்ல இருக்கு. தொட முடியாது.

கடைசியா அந்த ஜிக்குக்கு என்ன பண்ணேன்னு கேட்டா, நல்ல வேளையா சோர்ஸ் இருந்துச்சு. அவுட்பி, இன்பி மொத்தம் முப்பத்தோரு இடம். அந்த ரெண்டு பேர்லயே என்னோட ஃபங்ஷன் எழுதினேன், போர்ட் ஆஃப்செட் 0ன்னா பிபி-டபிள்யூ-டேட்டா, 1ன்னா பிபி-ஆர்-ஸ்டேட்டஸ், 2ன்னா பிபி-டபிள்யூ-கன்ட்ரோல், வேற எது வந்தாலும் அசெர்ட்ல செத்துடு. ஐஓபிஎல் வரிய எடுத்துட்டு அந்த இடத்துல ஓபன், கிளெய்ம். ஆபரேட்டர் யூசரை எல்பி குரூப்ல சேர்த்தேன், சூடோயர்ஸ்ல இருந்த அந்த வரிய அழிச்சேன். மொத்தம் ஒரு மதியம். ஒரே ஒரு இடத்துல மாட்டினேன்: முதல் பூட்ல /டெவ்/பார்போர்ட்0 வரவே இல்ல, பிபிடெவ் மாட்யூல் தானா லோட் ஆகல, /இடிசி/மாட்யூல்ஸ்-லோட்.டில ஒரு ஃபைல் போட்டு பேரை எழுதினதும் வந்துச்சு. பஸி பின் மட்டும் தலைகீழா படிக்குதுன்னு ஆபரேட்டர் அடுத்த நாள் போன் பண்ணார். ஸ்டேட்டஸ்ல 7வது பிட்டை ஹார்ட்வேரே திருப்பித்தான் குடுக்கும், பழைய கோடு அதை எக்ஸார் போட்டு சரி பண்ணிட்டு இருந்துச்சு, நான் 'இது எதுக்கு'ன்னு அந்த வரிய எடுத்துட்டேன். திரும்ப போட்டாச்சு.